கரும்பின் பொழுதறிந்த பெருமகன்: டி. எஸ். வெங்கட்ராமன்

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வகுத்தது தொல்காப்பியம். மரமும் பூவும் புள்ளும் அவற்றின் வழியே பிறக்கும் கருப்பொருள்கள். இலக்கண வகுப்பில் இதனை நாம் கவிதை மரபாகவே கற்பிக்கிறோம். மாணவர்களும் தேர்வுக்குரிய செய்தியாகவே கற்கின்றனர். ஆனால் ஒரு பயிர் எந்த நிலத்தில், எந்தப் பொழுதில் பூக்கும் என்னும் ஒரே வினாவைப் பற்றிக்கொண்டு ஒரு நாட்டின் உழவையும் தொழிலையும் மாற்றியமைத்த தமிழர் ஒருவர் சென்ற நூற்றாண்டில் வாழ்ந்தார். அவரே கரும்பு அறிஞர் டி. எஸ். வெங்கட்ராமன். 1884-இல் பிறந்து 1963-இல் மறைந்த அப்பெருமகனாரின் வாழ்வைத் தமிழ்த்துறை மலரில் எழுதுவது பொருந்துமா என்று சிலர் கருதலாம். பொருந்தும் என்பதே நம் எண்ணம். அதற்கு நம் மண்ணிலேயே காரணம் உண்டு.

தகடூர் என்று பண்டு பெயர்பெற்றது நம் தருமபுரி. இந்நிலத்தை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியைப் பாடிய ஔவையார், பெறுதற்கரிய கரும்பை வேற்றிடத்திலிருந்து இங்குக் கொணர்ந்த மரபினர் அவன் முன்னோர் என்று புறநானூற்றில் போற்றியுள்ளார். தமிழகத்துக்குக் கரும்பு வந்த கதை நம் ஊர்ப் பெயரோடு பிணைந்தது என்பது நமக்குப் பெருமை. இன்றும் மாரண்டஹள்ளியிலிருந்து பாலக்கோடு நோக்கிச் செல்வோர் வழியிலே கரும்புத் தோட்டங்களைக் காணலாம். பாலக்கோட்டில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும் அமைந்துள்ளது. கரும்பு பயிரிடும் பெரியோரிடம் என்ன கரணை நட்டீர்கள் என்று கேட்டால், கோ என்ற எழுத்தோடு ஓர் எண்ணைச் சொல்வார்கள். அந்தக் கோ எது, அதன் பின்னின்றவர் யார் என்பதை நம் மாணவருள் அறிந்தோர் மிகச் சிலரே. அக்குறையைச் சிறிதேனும் நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பூத்தால் நட்டம், பூவாவிடில் வித்தில்லை

கரும்பு கரணையால் வளர்க்கப்படும் பயிர். கணுவோடு வெட்டி நட்டால் முளைக்கும். ஆதலால் உழவருக்கு விதை வேண்டுவதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் தோட்டத்தில் வெண்பூங்கதிர் தோன்றினால் காண்பவர்க்கு அழகு, உடையவர்க்கோ கவலை. பூத்த கரும்பின் நுனி அதன்பின் வளர்வதில்லை. உரிய காலத்தில் வெட்டாமல் விட்டால் பக்க முளைகள் கிளம்பும். தண்டு நடுவே சக்கையாகும். சாறும் சர்க்கரையும் குறையும். எனவே கரும்பு பூக்காதிருப்பதையே உழவர் விரும்புவர்.

ஆயினும் கரணை வழியே வளரும் கரும்பு தாயின் மறுபதிப்பே. தாய்க்குள்ள நோய் சேய்க்கும் உண்டு. தாய்க்கில்லாத வலிமை சேய்க்கும் இல்லை. புதிய குணமுடைய கரும்பு வேண்டுமானால் இரண்டு வகைகள் பூத்து, ஒன்றன் மகரந்தம் மற்றொன்றின் சூல்முடியிற் சேர்ந்து, விதை உண்டாகவேண்டும். உழவருக்கு நட்டமான அப்பூ, பயிர்ப்பெருக்க அறிஞருக்கு மூலதனம். இம்முரண்பாட்டை உணர்ந்தாலன்றி வெங்கட்ராமனாரின் பணியை உணரமுடியாது.

கரும்பு விதையிலிருந்தும் முளைக்கும் என்பதே 1880-களில்தான் ஜாவாவிலும் பார்படாசிலும் ஐயமற நிறுவப்பட்டது. அதுவரை கரும்புப் பூவை மலடு என்றே பலர் கருதியிருந்தனர்.

ஏன் கோவை?

அக்காலத்தில் இந்தியாவின் கரும்பு நிலத்தில் பெரும்பங்கு வடபுலத்தில், கங்கைச் சமவெளியிலும் பஞ்சாபிலும் இருந்தது. அங்கு விளைந்தவை கட்டா முதலிய மெல்லிய கரும்புகள். குளிரையும் வறட்சியையும் அவை தாங்கும். ஆனால் சாறு குறைவு, விளைச்சல் குறைவு. உலகிலேயே மிகுதியான நிலத்தில் கரும்பு பயிரிட்ட நாடுகளுள் ஒன்றாக இருந்தும், இந்தியா ஜாவாவிலிருந்து ஆண்டுதோறும் பல இலட்சம் டன் சர்க்கரையை விலைகொடுத்து வாங்கி வந்தது. இந்நிலையை மாற்றும் பொருட்டு 1912-இல் கரும்புப் பெருக்க நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. வடபுலத்துக் கரும்பைத் திருத்த அமைத்த நிலையம், பஞ்சாபிலிருந்து ஈராயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் கோயம்புத்தூரில் ஏன் அமைந்தது?

விடை பூவில் இருக்கிறது. வடபுலத்தில் கரும்பு பூப்பது அரிது. பூத்தாலும் குளிரில் மகரந்தம் வளமிழக்கும். கோவையிலோ பல வகைக் கரும்புகள் ஆண்டுதோறும் பூத்து, முளைக்கும் விதையும் தந்தன. சென்னை மாகாணத்தின் அரசுத் தாவரவியலறிஞராயிருந்த சார்லஸ் ஆல்பிரட் பார்பர் இதனைக் கண்டறிந்து அங்கே பணி தொடங்கினார். அவருக்கு உதவியாளராக அமர்ந்தவர் வெங்கட்ராமன். அப்போது அவருக்கு அகவை இருபத்தெட்டு.

கோவையில் கரும்பு ஏன் பூக்கிறது என்பதன் அறிவியற் காரணம் அப்போது எவருக்கும் தெரியாது என்பது ஈண்டுக் கருதத்தக்கது. அமெரிக்க வேளாண் துறையைச் சார்ந்த கார்னர், அல்லார்டு என்னும் இருவர் 1920-இல்தான் அதனை வெளியிட்டனர். கோடையில் பூவாது வளர்ந்துகொண்டே போன ஒரு புகையிலை வகையை அவர்கள் ஆராய்ந்தனர். நாள்தோறும் மாலைப்பொழுதில் அதனை இருட்டறைக்குள் வைத்துப் பகலைக் குறுக்கியதும் அது பூத்தது. செடிகள் பகலின் நீளத்தை அளந்தே பூக்கும் காலத்தை அறிகின்றன என்னும் பேருண்மை அவ்வாறு வெளிப்பட்டது.

குறுந்தொகையில் ஒரு காட்சி உண்டு. கார்காலம் வருமுன் பெய்த மழையைக் கண்டு, காலம் வந்துவிட்டதென மயங்கிக் கொன்றை பூத்துவிட்டது. அது அறிவற்ற மரம் என்று தோழி பழித்துத் தலைவியைத் தேற்றுகிறாள். மழையை நம்பும் மரம் ஏமாறக்கூடும். வெயிலும் குளிரும் ஆண்டுக்காண்டு மாறக்கூடும். ஆனால் ஆடி மாதத்துப் பகலின் நீளம் எந்த ஆண்டும் பொய்ப்பதில்லை. மாறாத அந்த அளவையே பற்பல செடிகள் தமக்குப் பஞ்சாங்கமாகக் கொண்டுள்ளன.

கரும்பின் கணக்கு மிக நுண்ணியது. பகல் ஏறத்தாழப் பன்னிரண்டரை மணி நேரமாய்க் குறைந்துவரும் நாட்களில், இரவு வெதுவெதுப்பாகவும் நிலம் ஈரமாகவும் இருந்தால், ஓரளவு முதிர்ந்த கரும்பின் நுனி இலை விடுவதை நிறுத்திப் பூங்கதிரை உருவாக்கத் தொடங்கும். இலைகளே பகலை அளக்கின்றன. அவை அனுப்பும் குறிப்பே நுனிக்குருத்தை மாற்றுகிறது. நள்ளிரவில் சிறிது நேரம் விளக்கொளி படச்செய்தால்கூடக் கணக்குத் தவறிப் பூ நின்றுவிடும்.

கோவை நிலநடுக்கோட்டிலிருந்து பதினொரு பாகை வடக்கே உள்ளது. அங்கே ஆடி, ஆவணியில் பகல் நாளொன்றுக்கு அரை நிமிட அளவிலேயே குறைகிறது; ஆகவே கரும்புக்கு உகந்த பகல் பல நாட்கள் நீடிக்கிறது. இரவும் கடுங்குளிராவதில்லை. தில்லியிலோ அதே பகலளவு வருவது செப்டம்பர் மாதத்தில். அப்போது பகல் நாளொன்றுக்கு ஒன்றரை நிமிடத்துக்கும் மேலாகக் குறைந்து விரைந்து கடந்துவிடுகிறது. கதிர் வெளிவருமுன் குளிர்காலமும் வந்துவிடுகிறது. நிலமும் பொழுதும் கூடிய இடமே கோவை. காரணம் அறியுமுன்னரே, கண்ணால் கண்டதை நம்பி அவ்விடத்தைத் தேர்ந்தனர் அவ்வறிஞர்கள்.

வெள்ளையும் நாணலும்

கோவையின் முதற்பெரும் சாதனை ஒரு வியப்பான மணவினை. தாயாக அமைந்தது வெள்ளை என்னும் தமிழ்ப்பெயர் கொண்ட, சாறு மிக்க, பருத்த கரும்பு. தந்தையாக அமைந்தது ஆற்றங்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் தானே வளரும் நாணல். நாணல் கரும்பின் காட்டு உறவு. சர்க்கரை அதில் இல்லையென்றே சொல்லலாம். ஆனால் வறட்சி, வெள்ளம், குளிர், நோய் ஆகியவற்றை எதிர்த்து நிற்கும் ஆற்றல் அதனிடம் உண்டு. உழவர் வெறுத்துக் களையும் ஒரு புல்லைக் கரும்போடு கலப்பதா என்று தோன்றக்கூடிய துணிவான முயற்சி அது. அக்கலப்பிற் பிறந்த கோ 205 என்னும் வகை 1918-இல் பஞ்சாபுக்கென வெளியிடப்பட்டது. அங்கிருந்த நாட்டுக்கரும்பைக் காட்டிலும் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அது விளைந்தது. கோயம்புத்தூர் என்பதன் ஆங்கில எழுத்துக்களில் முதலிரண்டே கோ என்னும் அம்முன்னொட்டு.

பார்பர் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பிய பின் நிலையத்தின் பொறுப்பு வெங்கட்ராமனாரிடம் வந்தது. 1942 வரை அவரே அதனை நடத்தினார். முப்பதாண்டுகள் ஒரே இடத்தில், ஒரே பயிரோடு வாழ்ந்தவர் அவர்.

இரண்டு கரும்புகளைக் கலப்பது என்று சொல்லுதல் எளிது, செய்தல் அரிது. ஒரு வகை அக்டோபரில் பூக்கும். அதற்குத் துணையாக விரும்பும் வகை நவம்பர் இறுதியில் பூக்கும். முன்னது வாடிய பின் பின்னது மலர்ந்து என்ன பயன்? இவ்விடர்ப்பாட்டை நீக்கக் கரும்பு மகரந்தத்தைக் கெடாமற் காக்கும் வழியையும், அது முளைக்கும் தன்மையையும் ஆராய்ந்து அவர் கட்டுரை வெளியிட்டார். அடுத்த இடர் காற்று. கரும்பின் மகரந்தம் காற்றில் பறப்பது. வயலில் நிற்கும் கதிரின்மேல் எந்த வகையின் தூள் வந்து விழும் என்று சொல்லவியலாது. பத்தடிக்கு மேல் உயர்ந்த கரும்பை வேரோடு பெயர்த்து வேறிடம் கொண்டுசெல்லவும் இயலாது. வெங்கட்ராமனார் கண்ட வழி எளிமையானது. பூக்கவிருக்கும் கரும்பின் தண்டிலேயே கணுக்களைச் சுற்றி ஈரமண் வைத்துக் கட்டி, அங்கே வேர்விடச் செய்தார். வேர்விட்டதும் அதற்குக் கீழே வெட்டி, உயிருள்ள கதிரோடு கரும்பைத் தனியிடத்துக்கு எடுத்துச் சென்றார். விரும்பிய தந்தையின் மகரந்தம் ஒன்றே சேரும்படி செய்தார். பதியன் போடும் தோட்டக்காரர் எவருக்கும் புரியும் முறை இது. 1926-இல் அவர் இதனை வெளியிட்டார்.

கலப்பினால் கிடைக்கும் விதையோ பஞ்சோடு ஒட்டிய துகள். அதனைச் சட்டிகளில் தூவி, நாற்றாக்கி, வயலில் நட்டு, ஆயிரக்கணக்கான நாற்றுகளில் ஒன்றிரண்டைத் தேர்ந்து, அவற்றையும் பல ஆண்டுகள் சோதித்த பின்னரே ஓர் எண் வழங்கப்படும். எண் பெற்றவற்றுள்ளும் உழவர் வயலை எட்டுவன மிகச் சிலவே. ஒரு கோ எண்ணின் பின்னே எத்தனை ஆண்டுப் பொறுமை உண்டு என்பதை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும்.

நாட்டுக்கு இனிப்பு

1920-களிலும் 1930-களிலும் கோ 213, கோ 290, கோ 312 முதலிய வகைகள் அடுத்தடுத்து வெளிவந்தன. வடபுலத்துப் பழைய மெல்லிய கரும்புகள் சில ஆண்டுகளில் பெரிதும் மறைந்தன. 1933-இல் வெளியான கோ 419 தென்னாட்டு வயல்களில் பல பத்தாண்டுகள் கோலோச்சியது. ஜாவாவின் புகழ்பெற்ற கரும்பைத் தாயாகவும் கோவையின் கோ 290-ஐத் தந்தையாகவும் கொண்டு பிறந்தது அது. 1932-இல் சர்க்கரைத் தொழிலுக்குக் காப்புவரிச் சட்டம் வந்தபோது நாட்டில் முப்பதைச் சுற்றியே இருந்த ஆலைகள், அடுத்த சில ஆண்டுகளில் நூற்றுக்கும் மேலாகப் பெருகின. ஜாவாச் சர்க்கரையின் வரவு ஏறக்குறைய நின்றது. சட்டம் மட்டும் இதனைச் செய்யவில்லை. ஆலைக்கு அரைக்கக் கரும்பு வேண்டுமே. அதனைக் கோவை தந்தது.

கடல் கடந்தும் அக்கரும்புகள் சென்றன. அமெரிக்காவின் லூசியானாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் கோ 281, கோ 290 ஆகியவை நோயால் நலிந்திருந்த கரும்புத் தொழிலுக்குத் துணைநின்றன.

வெங்கட்ராமனார் அதனோடு அமையவில்லை. கரும்பு விளைய ஓராண்டு ஆகிறது. சோளமோ நான்கே மாதத்தில் விளைகிறது. இரண்டையும் கலந்தால் காலம் குறையாதா என்றெண்ணிக் கரும்பையும் சோளத்தையும் கலந்தார். பின்னர் மூங்கிலோடும் கலக்க முற்பட்டார். உலகத் தாவரவியலார் வியந்து நோக்கிய இம்முயற்சிகளிலிருந்து உழவர் வயலுக்கு உரிய வகை எதுவும் வரவில்லை என்பதையும் நாம் மறைக்கவேண்டியதில்லை. அறிவியலில் முயன்று கிட்டாததும் பின்வருவோர்க்கு வழிகாட்டியே. 1934-இல் அந்நிலையத்திற் பணியேற்ற ஜானகி அம்மாள் இத்தகைய சேய்மை உறவுக் கலப்புகளை மேலும் ஆராய்ந்தார். கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலந்து புகழ்பெற்றார்.

1937-இல் ஐதராபாத்தில் கூடிய இந்திய அறிவியல் பேராயத்துக்கு வெங்கட்ராமனார் தலைமை தாங்கினார். தலைமையுரைக்கு அவர் தேர்ந்த பொருள் இந்தியக் கிராமம். அதன் நேற்று, இன்று, நாளை. குரோமோசோம்களைப் பற்றிப் பேசியிருந்தால் அவையோர் வியந்திருப்பர். அவரோ உழவர் வாழும் ஊரைப் பற்றிப் பேசினார். ஆய்வுக்கூடத்தின் பயன் எங்கே சென்று சேரவேண்டும் என்பதில் அவருக்கு ஐயமில்லை. ஆங்கில அரசு சர் பட்டம் அளித்தது. விடுதலை பெற்ற இந்தியா 1956-இல் பத்மபூஷண் விருதளித்தது.

முடிவுறாத பணி

எந்தக் கரும்பு வகையும் நிலைபேறுடையதன்று. 1930-களின் இறுதியில் செவ்வழுகல் நோய் பீகாரிலும் ஐக்கிய மாகாணத்தின் கிழக்குப் பகுதியிலும் கோ 213-ஐ அழித்தது. வெங்கட்ராமனார் தம் காலத்திலேயே கண்ட துயரம் இது. அண்மைக் காலத்திலும் வடபுலம் முழுதும் பரவிப் புகழ்பெற்ற கோ 0238 அதே நோய்க்கு இரையாயிற்று. தமிழகத்தில் இன்று பெரிதும் பயிராகும் கோ 86032-க்கும் ஒருநாள் மாற்று வேண்டியிருக்கும். நோய் முந்துமா, புதிய வகை முந்துமா என்னும் போட்டி ஓய்வதில்லை. ஆகவே கோவையில் ஆண்டுதோறும் கரும்பு பூத்துக்கொண்டே இருக்கவேண்டும். பல மாநிலங்களின் கரும்பு அறிஞர்களும் பூக்கும் பருவத்தில் கோவைக்கு வந்து, அங்குள்ள தேசியக் கலப்புத் தோட்டத்தில் தத்தம் கலப்புகளைச் செய்து, விதையைத் தம் மாநிலத்துக்குக் கொண்டுசெல்கின்றனர்.

பூக்கும் பொழுதை ஆளும் மரபணுக்களைப் பற்றிய அறிவு இன்று பெரிதும் வளர்ந்துள்ளது. இதில் முன்னோடியாய் விளங்குவது பார்லி என்னும் வாற்கோதுமை. அது கரும்புக்கு மாறாகப் பகல் நீள நீளப் பூப்பது. மேற்காசிய வறண்ட நிலத்தில் பிறந்த அது, இளவேனிலில் பகல் நீண்டதும் விரைந்து பூத்துக் கோடை வறட்சிக்கு முன் மணி முற்றிவிடும். குளிர்ந்த நீண்ட கோடையுடைய ஐரோப்பாவிலோ அவ்வவசரம் தேவையில்லை. அங்கு வேனிலில் விதைக்கும் பார்லியில், நீண்ட பகலை உணரும் மரபணு ஒன்று மாறித் தளர்ந்துள்ளது; அதனால் அது தாழ்த்திப் பூத்து மிகுதியாய் விளைகிறது. அம்மரபணு எதுவென்று இங்கிலாந்தின் ஜான் இன்னிஸ் மையத்தார் 2005-இல் இனங்கண்டனர். சுவீடன் நாட்டார் எக்ஸ் கதிர் பாய்ச்சிப் பெற்ற மாரி என்னும் பார்லியோ பகலின் நீளத்தைப் பொருட்படுத்தாமல் முந்திப் பூப்பது. கோடை மிகக் குறுகிய வடகோடியிலும் பயிரிடத்தக்கது. அதன் மரபணு மாற்றம் 2012-இல் தெளிவாயிற்று.

பார்லிக்கு ஏழு இணைக் குரோமோசோம்களே. இன்றைய கரும்புக்கோ வெள்ளை வழியும் நாணல் வழியும் வந்து குவிந்தவை நூற்றுக்கு மேல். இத்தகைய கரும்பு வகை ஒன்றன் மரபுத்தொகுதி விரிவாகப் படித்தறியப்பட்டது 2024-இல்தான். உழவர் வயலில் பூவாமலும், அறிஞர் தோட்டத்தில் வேண்டிய நாளிற் பூத்தும் பயன்தரும் கரும்பை மரபணு அறிந்து உருவாக்கும் காலம் வரக்கூடும். அன்றும் அதன் தொடக்கம் கோவையிலேயே என்பதை மறத்தல் ஆகாது.

மாணவச் செல்வங்களே! வெங்கட்ராமனாரின் கையில் மரபணு வரைபடம் இல்லை. பகலளவுக் கொள்கையும் தொடக்கத்தில் இல்லை. இருந்தவை இரண்டு: உற்று நோக்கும் கண், ஒன்றை எடுத்தால் முப்பதாண்டு விடாத உறுதி. வழியோர நாணலை எல்லோரும் களை என்று கண்டனர். அவரும் அவர் ஆசிரியரும் அதனை உறவு என்று கண்டனர். சங்கச் சான்றோர் எந்தப் பூ எந்த நிலத்தில் எந்தப் பொழுதில் மலரும் என்று உற்று நோக்கியே பாடினர். அப்பாடல்களைக் கற்கும் நாம் நம் தோட்டத்துப் பூவை நோக்காதிருப்பது முறையன்று. வரும் ஐப்பசியில் மாரண்டஹள்ளி வயல்களில் எங்கேனும் கரும்பு வெண்பூ ஏந்தி நிற்கக் காண்பீர்கள். உடையவரிடம் அது என்ன வகை, எந்த மாதம் நட்டது, முன்பும் பூத்ததுண்டா என்று கேட்டு எழுதி வையுங்கள். அதியமான் மரபினர் கரும்பைக் கொணர்ந்த மண்ணில், அக்கரும்பின் பொழுதறிந்த பெருமகனுக்கு நாம் செலுத்தக்கூடிய நன்றிக்கடன் அதுவே.